படத்துக்குக் கீழே நாலு வரி

பிள்ளைகள் அவளை மவுசு டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். முதல் நாள் வகுப்பில் அவள் பெட்டியைத் திறந்து வெளியே எடுத்த முதல் சாமான் ஒரு மவுஸ். அதன் வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டி, "இது கடிக்காது, தைரியமா தொட்டுப் பாருங்க" என்றாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். மற்ற ஆசிரியைகள்கூட, "இப்ப இந்த ஸ்கூல்ல உங்களுக்குத்தானே மவுசு" என்று கிண்டலடிப்பார்கள். அவளுக்கும் உள்ளூர அது பிடித்துத்தான் இருந்தது. நாற்பதை நெருங்கும் வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாக நாலு பேர் தன்னை டீச்சர் என்று கூப்பிடுகிறார்கள் என்றால் சும்மாவா?

அதற்கு முன்பு அவள் ஒரு டைப்பிங் கடையில் வேலை பார்த்தாள். அரசாங்க அலுவலகத்துக்கு எதிர்வரிசையில், ஜெராக்ஸ் மெஷினும் ரெண்டு கம்ப்யூட்டரும் வைத்திருந்த சின்னக் கடை. மனு எழுதத் தெரியாதவர்கள் அங்கே வந்து நிற்பார்கள். தங்கள் கஷ்டத்தைத் திக்கித் திணறிச் சொல்வார்கள். அவள் கேட்டுக்கொண்டே அடிப்பாள். "மனுன்னா படிக்கிறவன் கண்ணு கலங்கணும்மா. கலங்கலைன்னா ஃபைல் நகராது" என்பார் கடைக்காரர். அந்தப் பாடத்தை அவள் சீக்கிரமே பிடித்துக்கொண்டாள்.

ஒருமுறை வீட்டுக்குக் குழாய் இணைப்பு கேட்டு ஒரு பெரியவர் வந்தார். அவள், 'தாகத்தால் தவிக்கும் எங்கள் பச்சிளங் குழந்தைகள்' என்று அடித்து வாசித்துக் காட்டினாள். பெரியவர் விழித்தார். "என் வீட்டுல குழந்தையே இல்லையேம்மா."

"தெருவுல இருக்கும்ல சார்?"

அவர் யோசித்துப் பார்த்து, "அது இருக்கு" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். சீக்கிரமே தண்ணீரும் வந்துவிட்டது. அதை வந்து சொன்ன பெரியவர், "உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்" என்றார். இப்படிப் பல வருஷம். எழுத்து அவளுக்குக் கைவந்த கலை என்று எல்லோரும் சொன்னார்கள், அவளும் நம்பினாள்.

பிறகு எல்லா விண்ணப்பமும் ஃபோனிலேயே போடலாம் என்று ஆனதும் கடையில் ஈ ஓட்டும் நிலைமை. கடைக்காரர் ஷட்டரை இறக்கினார். அப்போதுதான் ஓர் அறக்கட்டளையில், வசதியில்லாத பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்தது. போய்ப் பார்த்தாள். அறக்கட்டளை மேனேஜர் அவள் டைப் அடிக்கும் வேகத்தைப் பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டார்.

பள்ளி பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருந்தது. மூட்டை தூக்குகிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், வீடு துடைக்கப் போகிறவர்கள், இவர்களின் பிள்ளைகள்தான் அங்கே படித்தார்கள். உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். ஏதோ ஒரு கம்பெனி கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. ஒன்று மாவு மெஷின் மாதிரி இரைந்தது. ஒன்று, பக்கவாட்டில் தட்டினால்தான் விழித்துக்கொள்ளும். சன்னலோரத்தில் இருந்த ஒன்று எதற்கும் விழிக்காது, கணக்குக்கு இருந்தது. கீபோர்டுகளில் தேய்ந்துபோன எழுத்துகளை அவள் தன்னுடைய நெயில் பாலிஷால் எழுதினாள். மெஷின்களுக்குத் தூசி ஆகாது என்று அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொன்னாள். ஒரு மெஷினுக்கு மூன்று பேர் முட்டிமோதிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

இன்டர்நெட் கிடையாது. இவர்கள் வீட்டில் ஃபோன் இருந்தாலும் ஒன்றுதான் இருக்கும். அதுவும் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். "இன்டர்நெட்னா எப்படி டீச்சர் இருக்கும்?" என்று கேட்ட பிள்ளைகளுக்கு அவள் கரும்பலகையில் தேடுகிற பெட்டியை வரைந்து காட்டி, இதில் எழுதினால் இப்படி வரும் என்று கையால் எழுதிக் காட்டினாள். பசித்தவனுக்குச் சாப்பாட்டை வரைந்து காட்டுகிற கதைதான். ஆனாலும் பிள்ளைகள் அதை நோட்டில் வரைந்துகொண்டார்கள்.

அவர்களில் ஒரு பெண்ணை எல்லோரும் நெட்டை என்பார்கள். ஏழாம் வகுப்பு. வயதுக்கு மீறிய உயரம். எந்த பெஞ்சில் உட்கார்ந்தாலும் பின்னால் இருப்பவர்கள் கூச்சல் போடுவார்கள் என்பதால் கடைசியிலேயே உட்காருவாள். அதிகம் பேசமாட்டாள். ஆனால் அவள் விரல்கள் கீபோர்டில் ஓடுவதைப் பார்த்தால், டைப்பிங் கடையிலேயே பிறந்து வளர்ந்தவள் போலிருக்கும். மவுசு டீச்சருக்கு அவள்மேல் தனிப் பிரியம்.

மேனேஜர் ஒருநாள் ஃபோன் செய்தார். "நன்கொடை கேட்டு இந்த வருஷம் பெரிசா ஒண்ணு பண்றோம்மா. லேப்டாப், இன்டர்நெட் எல்லாம் வாங்கிடலாம். பிள்ளைங்க படம் வேணும். கூடவே மனசைத் தொடற மாதிரி நாலு வரி. உங்களுக்கு அதெல்லாம் சொல்லியா குடுக்கணும்?"

படம் எடுக்கப் போகிறார்கள் என்று சொன்னதும் பிள்ளைகள் துவைத்து மடித்த உடையில் வந்துவிட்டார்கள். நெட்டை புது ஷூ போட்டிருந்தாள். ஏழாம் வகுப்புக்குப் போனதற்காக அப்பா வாங்கிக் கொடுத்தது. அன்றைக்கு மட்டும் போகட்டும் என்று ஷூவோடு அறைக்குள் வர டீச்சர் அனுமதித்தாள். எல்லோரும் மெஷினைச் சுற்றி நின்று சிரிக்க, ஃபோனில் படம் எடுத்து அனுப்பினாள். மேனேஜர் உடனே கூப்பிட்டார்.

"என்னம்மா இது, கல்யாண ஆல்பம் மாதிரி எல்லாரும் பல்லைக் காட்டிக்கிட்டு! இவங்களுக்கு எதுக்குய்யா உதவின்னு கேட்கமாட்டாங்களா?"

அவர் சொன்னது அவளுக்கு உறைத்தது. கண் கலங்கினால்தான் ஃபைல் நகரும். அது தெரியாதவளா அவள்? மற்றவர்களை அனுப்பிவிட்டு நெட்டையை மட்டும் நிறுத்திக்கொண்டாள். சன்னலோரத்தில், எதற்கும் விழிக்காத அந்த மெஷினுக்கு முன்னால் தரையில் உட்கார வைத்தாள்.

"ஷூவைக் கழட்டிடு."

"தூசியா டீச்சர்?"

"ஆமா, தூசி. அந்த ரிப்பனையும் அவுத்துடு. முடி கொஞ்சம் முன்னால விழட்டும். சிரிக்காத. ஸ்க்ரீனைப் பாரு."

"ஒண்ணும் தெரியலையே டீச்சர்."

"தெரியற மாதிரி பாரு."

அந்தப் பெண் சொன்னபடி பார்த்தாள். படம் பிரமாதமாக வந்தது. அன்று மாலை டீச்சர் வீட்டில் உட்கார்ந்து படத்துக்குக் கீழே நாலு வரி எழுதினாள்.

'இந்தச் சிறுமியின் காலில் செருப்பில்லை. குடிப்பழக்கத்துக்கு அடிமையான தந்தை, அடுப்பெரியாத வீடு. இருளில் ஒளி தேடும் இந்தக் கண்களுக்கு ஒரு கணினித் திரையின் வெளிச்சம் போதும். அந்த வெளிச்சத்தை நீங்கள் தருவீர்களா?'

நெட்டையின் அப்பாவை அவள் பார்த்ததுகூட இல்லை. அப்பா இறந்துவிட்டார் என்று முதலில் எழுதியிருந்தாள். உயிரோடு இருக்கிற மனுஷனைச் சாகடிப்பது தப்பு என்று தோன்றியதால் அதை அடித்துவிட்டு, குடிக்கிறார் என்று போட்டாள். யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்? ஒரு வரி எழுதுவதற்கு முன் வாக்கியத்தின் ஓசை சரியாக இருக்கிறதா என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு. சொல்லிப் பார்த்தாள். சரியாக இருந்தது.

ஃபைல் நகர்ந்தது. அவள் நினைத்ததைவிட வேகமாகவே நகர்ந்தது. மேனேஜர் வாயெல்லாம் பல்லாகக் கூப்பிட்டு, "உங்க நாலு வரிதாம்மா" என்றார். அடுத்த பருவம் தொடங்கும்போது அறையில் புது லேப்டாப்புகள் இருந்தன. சுவரில் பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டு இன்டர்நெட் பெட்டி இருந்தது. பிள்ளைகள் அந்தப் பெட்டிக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

முதல் இன்டர்நெட் வகுப்பு. "கரும்பலகையில வரைஞ்சோமே, அதே பெட்டிதான். உங்களுக்கு என்ன தெரிஞ்சுக்கணுமோ எழுதித் தேடுங்க" என்றாள். அறை முழுக்கக் கும்மாளம். யானை எவ்வளவு நேரம் தூங்கும் என்று ஒருத்தன் தேடினான். நிலாவில் கடை இருக்கிறதா என்று ஒருத்தி. ஒரு பையன் தன் பெயரை எழுதித் தேடிவிட்டு, "டீச்சர், என் பேர்ல ஒரு டாக்டர் இருக்கார்!" என்று கத்தினான். மவுசு டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. இதற்காகத்தானே இவ்வளவும் என்று நினைத்தாள்.

கடைசி வரிசையில் நெட்டை தன் பள்ளியின் பெயரை எழுதித் தேடினாள்.

டீச்சர் அப்போது பக்கத்து மேஜைக்கு அடியில் குனிந்து ஒரு வயரைச் செருகிக்கொண்டிருந்தாள். "ஏய், நெட்டை படம் வந்திருக்கு!" என்ற சத்தம் கேட்டது. திமுதிமுவென்று எல்லோரும் அங்கே ஓடினார்கள். "கீழ என்னமோ எழுதியிருக்கு, படி, படி." கண்ணாடி போட்ட ஒரு பெண் முன்னால் வந்தாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆனால் எதையும் முடிக்காமல் விடமாட்டாள்.

"இந்தச்... சிறுமியின்... காலில்... செருப்... செருப்பில்லை."

மேஜைக்கு அடியில் டீச்சர் வயரைச் செருகுவதை நிறுத்தினாள்.

"குடிப்... குடிப்பழ... குடிப்பழக்கத்துக்கு... அடி... அடிமை..."

எழுந்து ஓடிப்போய் மூடியிருக்கலாம். கரண்ட் சுவிட்சை அணைத்திருக்கலாம். காலும் கையும் அசைந்தால்தானே? அவள் அடித்த வாக்கியம், அவள் வாய்விட்டுச் சொல்லி ஓசை பார்த்த வாக்கியம், ஒரு குழந்தையின் வாயில் கல்லும் முள்ளுமாக நொறுங்கி வெளியே வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு எழுத்தாகக் கேட்கும்போதுதான், அதில் எவ்வளவு பொய் என்று அவளுக்கே தெரிந்தது. கடைசிக் கேள்விக்குறி வரைக்கும் அந்தப் பெண் படித்து முடித்தாள்.

பின்னாலிருந்து எவனோ ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். டீச்சர் ஒருவழியாக எழுந்து நின்றாள். நெட்டை திரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தாள்.

"இது நான்தான டீச்சர்? எங்கப்பா சிகரெட்கூடக் குடிக்கமாட்டாரே."

அந்த நேரத்தில் டீச்சர் ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் வாயில் வந்தது இதுதான்: "அது... ஆபீஸ்ல யாரோ தெரியாம எழுதிட்டாங்க. நான் மாத்தச் சொல்றேன்."

"சரி டீச்சர்" என்றாள் அந்தப் பெண். மெதுவாக அந்தப் பக்கத்தை மூடினாள். டீச்சர் சொல்லிக்கொடுத்தபடியே, ஒழுங்காக மூடினாள்.

அடுத்த வகுப்புக்கு அவள் வரவில்லை. அதற்கடுத்த வகுப்புக்கும் வரவில்லை. பள்ளிக்கு வருகிறாள், கம்ப்யூட்டர் அறைக்கு மட்டும் வருவதில்லை என்று தெரிந்தது. இடைவேளையில் யாரோ, "குடிகாரன் மகளே" என்று கூப்பிட்டதும், அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்ததும் டீச்சரின் காதுக்கு வந்தது.

டீச்சரின் கணவர் ஃபிரிஜ் மெக்கானிக். எதையும் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர். நடந்ததைக் கேட்டுவிட்டு, "அதை அழிச்சுட்டா போச்சு, இதுக்கு ஏன் சாப்பிடாம உட்கார்ந்திருக்க?" என்றார்.

"அழிச்சா சரியாயிடுமாங்க? அந்தப் பொண்ணு காதுல விழுந்தது விழுந்ததுதானே?"

"அப்ப நேரா போய் அவங்க வீட்டுல மன்னிப்புக் கேளு."

சொல்வது சுலபம். ஆனாலும் வேறு வழி தெரியவில்லை. பள்ளி விட்டதும் விசாரித்துக்கொண்டு போனாள். டிப்போ சுவரை ஒட்டி வரிசையாகப் போகும் ஒற்றை அறை வீடுகளில் அது ஒன்று. உள்ளே நுழைந்ததும் அவள் கண்ணில் பட்டது சுவர்கள்தான். ஒரு சுவர் ஆஸ்பத்திரிப் பச்சை, ஒன்று ரோஸ், ஒன்று மஞ்சள், ஒன்று கண்ணைப் பறிக்கும் நீலம். நெட்டையின் அப்பா பெயிண்டர். வேலை செய்த இடங்களில் டப்பாவின் அடியில் மிஞ்சியதைக் கொண்டுவந்து அடித்த வண்ணங்கள். மூலையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் இருக்கத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, முழங்கையில் ஒட்டிய பெயிண்டை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். டீச்சர் என்று தெரிந்ததும் பதறி எழுந்தார். இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "வாங்க டீச்சர், வாங்க. ஏம்மா, டீ போடு" என்று மனைவியை அவசரப்படுத்தினார்.

"எங்க வம்சத்துல கம்ப்யூட்டரைத் தொட்ட மொத ஆளு இவதான் டீச்சர். வேலை செய்யற எடத்துல எல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். எம்பொண்ணு கண்ணை மூடிக்கிட்டு டைப் அடிப்பான்னு. ஒருத்தனும் நம்பமாட்டேங்கறான்." சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இப்ப என்னமோ கம்ப்யூட்டர் கிளாஸ் நின்னுபோச்சுன்னு சொன்னா. மெஷின் ரிப்பேருங்களா?" என்று கேட்டார்.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். நீலச் சுவரில் சாய்ந்தபடி நெட்டை நின்றிருந்தாள். வீட்டில் அவள் எதையும் சொல்லவில்லை. அப்பாவின் காதில் அது விழக்கூடாது என்று வகுப்பையே இல்லையென்று ஆக்கிவிட்டாள். இப்போது டீச்சரைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் ஒரே ஒரு தடவை தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். வேண்டாம்.

வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த மன்னிப்பை அவள் சொல்லவில்லை. "ஆமாங்க, சின்ன ரிப்பேர்" என்றாள் டீச்சர். "அடுத்த வாரம் சரியாயிடும்." அந்த வீட்டு டீயைக் குடித்தாள். இன்னொரு டம்ளர் ஊற்றச் சொல்லி அவர் வற்புறுத்தினார்.

தெருமுனை வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வா என்று அவர் மகளை அனுப்பினார். ரெண்டு பேரும் நடந்தார்கள். டிப்போ வாசலில் ஒரு பஸ் திரும்புவதற்காக நிற்க வேண்டியிருந்தது. அங்கே டீச்சர் சொன்னாள்: "அதை எழுதினது ஆபீஸ்ல இல்ல. நான்தான்."

"தெரியும் டீச்சர்."

"எப்படி?"

"கரண்ட் போனா நீங்கதான சொல்வீங்க, 'இருளில் ஒளி தேடும் கண்களே, அசையாம உட்காருங்க'ன்னு. கண்ணாடி அதைப் படிக்கும்போதே தெரிஞ்சுபோச்சு."

பஸ் போய்விட்டது. ரெண்டு பேரும் அதே இடத்தில் நின்றார்கள். அப்படியென்றால், ஆபீஸில் யாரோ எழுதினார்கள் என்று தான் சொன்னபோதே இந்தக் குழந்தைக்கு அது பொய் என்று தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் சரி டீச்சர் என்று சொல்லியிருக்கிறாள்.

"அப்ப ஷூவைக் கழட்டச் சொன்னது தூசிக்காக இல்லையா டீச்சர்?"

"இல்லம்மா."

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள் நெட்டை. திரும்பி நடந்தாள்.

மறுநாள் டீச்சர் அறக்கட்டளை ஆபீஸுக்குப் போனாள். இணையத்திலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிட வேண்டும் என்றாள். மேனேஜர் கெட்டவர் இல்லை. பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று ஓடியாடுகிற மனுஷன்தான். அவருக்கு விஷயம் புரியவே கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் எரிச்சலானார்.

"அதுலதான்மா லேப்டாப் வந்துச்சு! எடுன்னா எப்படி எடுக்கறது?"

"அது பொய் சார். அவங்கப்பா குடிக்கறவர் இல்ல."

"நானா எழுதினேன்? நீங்க அனுப்பினதுல நான் ஒரு புள்ளிகூட மாத்தலையே! குடிக்கிறார்னா குடிக்கிறார்னுதான நம்பினேன்?"

அவரைத் திட்டித் தீர்த்து, பாரத்தைக் கொஞ்சம் அவர் தலையில் இறக்கிவைக்கலாம் என்றுதான் வந்திருந்தாள். அவர் சொன்னது அத்தனையும் நியாயம். கைகட்டி நின்றாள். கடைசியில் அவரே மனமிறங்கி, இணையப் பக்கத்திலிருந்து படத்தை எடுக்கச் சொன்னார். "ஆனா ஒண்ணு. அது எங்கெங்கயோ போயிடுச்சு. யார் யாரோ எடுத்துப் போட்டிருக்காங்க. காலண்டர்ல வேற அச்சடிச்சு நன்கொடை குடுத்தவங்களுக்கெல்லாம் அனுப்பிட்டோம். அதையெல்லாம் என்னால அள்ள முடியாது."

இன்டர்நெட்டில் போட்டது தரையில் கொட்டின எண்ணெய் மாதிரி, அள்ள முடியாது என்று அவளே வகுப்பில் சொல்லியிருக்கிறாள்.

இருந்தும் அள்ளப் பார்த்தாள். படத்தை எடுத்துப் போட்டிருந்தவர்களைத் தேடித் தேடி ஒவ்வொருவருக்கும் எழுதினாள். 'இந்தப் படத்தின் கீழே இருப்பது பொய். எழுதியவள் நான். தயவுசெய்து நீக்கிவிடுங்கள்.' இத்தனை வருஷம் மனு எழுதிய கைக்கு இந்த மூன்று வரி வர மறுத்தது. பழக்கதோஷத்தில், 'கூனிக் குறுகி நிற்கும் ஓர் அபலையின் வேண்டுகோள்' என்று ஒருமுறை தொடங்கிவிட்டாள். அடித்ததைப் பார்த்ததும் அழித்தாள். சிலர் நீக்கிவிட்டார்கள். சிலர் பதிலே போடவில்லை. ஒருவர் மட்டும் விரிவாக எழுதியிருந்தார். அந்த நாலு வரி தன்னை உலுக்கிவிட்டது, தங்கள் அமைப்புக்கும் அதே மாதிரி எழுதித் தர முடியுமா என்று கேட்டிருந்தார்.

நெட்டை வகுப்புக்குத் திரும்பவில்லை. டீச்சரும் வற்புறுத்தவில்லை. எந்த முகத்தோடு வற்புறுத்துவது?

அப்படியிருக்க ஒருநாள், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது கதவருகே நிழல் தட்டியது. பெயிண்டர் நின்றிருந்தார். வேலை உடுப்பு. தலைமுடியெல்லாம் சுண்ணாம்புத் தூள். கக்கத்தில் சுருட்டிய காகிதம் ஒன்று. செருப்பைக் கழற்றிவிட்டு ஓர் அடி உள்ளே வைத்தார்.

ஒரு கம்பெனியில் பெயிண்ட் அடிக்கப் போயிருக்கிறார். அடிப்பதற்கு முன் சுவரில் இருப்பதையெல்லாம் கழற்றி வைப்பதுதானே முதல் வேலை? கடிகாரத்தைக் கழற்றினார். அடுத்து ஆணியில் தொங்கிய காலண்டரை எடுத்தார். அதில் அவர் மகள் இருந்தாள்.

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பாள். காலண்டரைப் பிரித்து, கசங்கிவிடக்கூடாது என்று ஓரத்தை மட்டும் ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"டீச்சர், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் குடிப்பேன்னு எம்பொண்ணு சொல்லுச்சா?"

வழியெல்லாம் இந்த மனுஷன் இதைத்தான் மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டு வந்திருக்கிறார். ஊர் என்ன நினைக்கும் என்பதல்ல, மகள் தன்னைப் பற்றி அப்படிச் சொன்னாளா என்பது.

"நான் எப்பவாவது சத்தமா பேசியிருப்பேன். அது அலுப்புல பேசறது. அதைப் பார்த்துப் பயந்து ஏதாவது..."

"இல்லீங்க!" கிட்டத்தட்டக் கத்திவிட்டாள். வெளியே வாங்க, பேசிக்கலாம் என்று வராந்தாவுக்குக் கூட்டிப்போக ஒரு கால் எடுத்து வைத்தவள், நின்றாள். அன்றைக்கு இதை வாசித்தது இந்த அறையில்தான். கேட்டவர்களும் இவர்கள்தான். அவர்கள் பக்கம் திரும்பி நின்று சொன்னாள்.

"அவ ஒரு வார்த்தை சொல்லல. யாரும் சொல்லல. எழுதும்போது இவரை நான் பார்த்ததுகூட இல்ல. அப்படி எழுதினா பணம் வரும்னு நானா எழுதினேன். அவ ஷூ போட்டிருந்தா; நான்தான் கழட்டச் சொன்னேன். ஆபீஸ்ல எழுதினாங்கன்னு உங்ககிட்ட எல்லாம் சொன்னேன், அதுவும் பொய்."

கண்ணாடிப் பெண் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். பெயிண்டர் காலண்டரைப் பார்த்தார்.

"அவ சொல்லலைன்னா சரி" என்றார்.

மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. அவர் தயங்கிவிட்டு, "கத்தரிக்கோல் இருக்குங்களா?" என்றார்.

எடுத்துக் கொடுத்தாள். அவர் வாங்கவில்லை. காலண்டரை நீட்டினார். "கைல பெயிண்ட் இருக்கு, படத்துல பட்டுடும். கீழ இருக்கிற எழுத்தை மட்டும் நீங்களே வெட்டிக் குடுங்க. படம் நல்லாருக்கு. தூக்கிப் போட மனசு வரல."

அவள் மேஜைமேல் வைத்து வெட்டினாள். கோடு கோணிக்கொண்டு போனது. ஓரிடத்தில் நெட்டையின் கால் விரலுக்கு வெகு அருகில் போய்விட்டது. நிறுத்தி, காகிதத்தைத் திருப்பி வைத்து, திரும்ப வெட்டினாள். அவர் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். நாலு வரியும் ஒரு நாடா மாதிரி அவள் கையில் சுருண்டு கிடந்தது. பிள்ளைகளுக்கு முன்னால் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், மணி அடிக்கும்வரை கைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

சில நாட்கள் கழித்து நெட்டை வகுப்புக்கு வந்தாள். எதுவும் நடக்காதது போல உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். அப்பா என்ன சொன்னார், வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதெல்லாம் டீச்சருக்குத் தெரியாது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வாள். சந்தேகம் இருந்தால் கேட்பாள். முன்பு போல வகுப்பு முடிந்ததும் மேஜையைச் சுற்றி நிற்பதில்லை. அந்த வருஷம் அவள்தான் எல்லோரையும்விட நன்றாகக் கற்றுக்கொண்டாள். பிறகு பெரிய பள்ளிக்குப் போய்விட்டாள். அவளைத் தெருவில் பார்த்தால், "நல்லாருக்கீங்களா டீச்சர்?" என்று கேட்டுவிட்டுத்தான் போவாள். அந்த மரியாதைதான் டீச்சரை இன்னும் குத்துகிறது.

வேலை போகவில்லை. எழுதுகிற பொறுப்பை மட்டும் மேனேஜர் வேறொருவரிடம் கொடுத்தார். அவள் கேட்டுக்கொண்டதும் அதைத்தான். பழைய கடைத் தெருவில் யாராவது அடையாளம் கண்டு, ஒரு மனு எழுதித் தரச் சொன்னால், "நீங்க என்ன சொல்றீங்களோ அதை மட்டும்தான் அடிப்பேன்" என்கிறாள். அவர்களுக்கு அது அவ்வளவாக உவப்பதில்லை. புதுப் பிள்ளைகள் வருகிறார்கள்; பழைய மெஷின் ஒன்று இன்னும் தட்டினால்தான் விழிக்கிறது; இன்டர்நெட் பெட்டியின் பச்சை விளக்கைப் பார்த்து அண்ணாந்து நிற்கிறார்கள்.

முதல் தடவையாகத் தேடச் சொல்லும் நாள் ஒவ்வொரு வருஷமும் வரும். அந்த நாளுக்கு முன்பு, அறையில் யாரும் இல்லாதபோது, அவள் தானே பள்ளியின் பெயரை எழுதித் தேடிப் பார்க்கிறாள். பதில் போடாத எவரோ ஒருவருடைய பக்கத்தில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது. பார்த்ததும் மூடிவிடலாம். அவள் மூடுவதில்லை. நாலு வரியையும், அந்தக் கண்ணாடிப் பெண் படித்த மாதிரியே, எழுத்துக் கூட்டிக் கடைசிவரை படிக்கிறாள். பிறகு அந்த ஆளுக்கு இன்னொரு முறை எழுதுகிறாள்.